உரக்க உறங்கும் அப்பாவுக்கு ஒரு பேட்டரி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தைக்கு (மரியாதை இன்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்),

உங்கள் தம்பி மகள், உங்களால் குட்டிச்சாத்தான் என்று வாய் நிறைய அழைக்கப்படுபவள், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், வண்டி நலம், பேட்டரி மிக நலம். அங்கே உங்கள் நலத்தையும், ஆபரேஷன் செய்துகொண்ட உங்கள் வலது முழங்காலின் நலத்தையும், அதற்குக் கிடைத்த கவனிப்பைப் பார்த்துப் பொறாமைப்படும் இடது முழங்காலின் நலத்தையும் தனித்தனியே அறிய ஆவல்.

நீங்கள் அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது என்று போனிலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் போனில் சொன்னால் அது தகவல்தானாம், எழுதினால்தான் நன்றியாம். இது அப்பா போட்ட சட்டம். போட்டவரே எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் தம்பி வாழ்நாளில் எழுதியதெல்லாம் ஜன்னல் அகலமும் திரைச்சீலை உயரமும்தான். அவரிடம் பேனாவைக் கொடுத்தால் "அக்கா நாலடி, நன்றி ஆறடி" என்று முடித்துவிடுவார். அதனால் நன்றி அவருடையது, எழுத்துப்பிழை மட்டும் என்னுடையது.

அப்பாடா, கடையில் யாரோ மெத்தையுறை தைக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். இனிமேல் உண்மை.

முன்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நன்றிக்கடிதத்தில் முன்கதை இருந்தால் கவருக்குக் கொஞ்சம் கனம் கூடும். அப்பா உரக்க உறங்குபவர். ஒரு தடவை இரவு பஸ்ஸில் அவர் விட்ட குறட்டையில் பயணிகள் எல்லாரும் விழித்திருந்து, கடைசியில் டிரைவரே வண்டியை நிறுத்திவிட்டு, "சார், நீங்க தூங்குனா எனக்கு இன்ஜின் சத்தம் கேக்க மாட்டேங்குது" என்று கும்பிட்டாராம். பிறகு டாக்டர் பார்த்துவிட்டு, இது வெறும் குறட்டை இல்லை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொல்லி அந்த மெஷினைக் கொடுத்தார். முகத்தில் ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் போய்ச் சேரும் இடத்தில் ஒரு டப்பா. போட்டுக்கொண்டால் சின்ன யானை மாதிரி இருப்பார், ஆனால் சத்தம் இருக்காது. குறட்டை போனது, கூடவே ஊர்ப்பயணமும் போனது. பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் அப்பா தலை சாய்க்க மாட்டார். விடுதியில் தங்கலாம் என்றால் நடுவில் கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்பார். உங்கள் வீட்டுக்கு வர ரோட்டில் இரண்டு நாள் ஆகும், இடையில் ஒரு இரவு எங்கேயாவது தூங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு இரவுக்குப் பயந்துதான் நாலு வருஷமாக அக்கா முகத்தைப் பார்க்காமல் இருக்கிறார். நீங்கள் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த அன்று கடையில் ஒரே திரைச்சீலைக்கு இரண்டு தடவை மேல்பட்டி தைத்தார். அம்மா கேட்டதற்கு, "கெட்டியா இருக்கட்டுமேன்னு தச்சேன்" என்றார். எங்களுக்குத் தெரியாதா என்ன.

அப்புறம்தான் துணிக்கட்டு ஏற்றுகிற நம் பிக்கப் வண்டியின் பின்பக்கத்துக்குக் கூண்டு போட்டு, அதையே படுக்கையறை ஆக்கிவிடலாம் என்று அம்மா சொன்னார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வயரிங் பிரிவையே கட்டி மேய்க்கிற அத்தை இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று நான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் பேட்டரி, ஃப்யூஸ் பெட்டி, சிவப்பிலும் கறுப்பிலும் வயர், ஒட்டுகிற விளக்குப்பட்டை, ஒரு பொட்டலம் நிறைய உபரி ஃப்யூஸ் எல்லாம் அனுப்பினீர்கள். "அடியே, சிவப்பு பிளஸ்ஸு, கறுப்பு மைனஸு. பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ். இதை மட்டும் மறக்காத. மத்ததை நீ எப்படியும் மறந்துடுவ" என்று சொன்னீர்கள். அதுவரை வயரைத் தொட்டதே இல்லை நான். இருந்தும் நீங்கள் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மாட்டினேன். வண்டி ஓடும்போது நம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும், நின்றுவிட்டால் வண்டியின் சொந்தப் பேட்டரியை இது தொடாது என்று நீங்கள் விளக்கியதைக் கேட்ட அம்மா, "அதாவது கூட்டுக்குடும்பம், ஆனா தனிச்சமையல்" என்றார். இதற்குமேல் யாராலும் தெளிவாகச் சொல்ல முடியாது.

பிரச்சினை உங்கள் தம்பியின் கலையுணர்ச்சியில் ஆரம்பித்தது. கூண்டின் உள்பக்கம் முழுக்க வெண்ணெய் நிறத்தில் பஞ்சு வைத்து மெத்துமெத்தென்று தைத்திருந்தார். அதன்மேல் சிவப்பும் கறுப்புமாக வயர் ஓடினால் "தையல் பிரிஞ்ச மாதிரி இருக்கு" என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் ஒவ்வொரு வயரையும் கழற்றி, அதே வெண்ணெய் நிறத் துணியில் குழாய் மாதிரி உறை தைத்து மாட்டி, அத்தனையையும் மெத்தையின் மடிப்புக்குள் வைத்துத் தையல்மெஷினிலேயே அடித்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் வயர் என்ற ஒரு பொருள் உலகத்தில் இருந்ததற்கே சுவடு இல்லை. "எப்படி இருக்கு?" என்றார், குழந்தை மாதிரி. "பிரமாதம்பா. எது பிளஸ், எது மைனஸ்?" என்றேன். துணியைத் தடவிப் பார்த்தார். "ரெண்டும் நல்ல துணிதான்" என்றார்.

துணியின் நுனியைப் பிரித்து நிறம் பார்த்து மாட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்தக் கோபத்தில் ஒரு சின்னக் காரியம் செய்தேன், அதை மட்டும் அப்பாவிடம் நினைவுபடுத்தாதீர்கள். வண்டி பின்னால் வரும்போது "வண்டி பின்நோக்கி வருகிறது, விலகி நிற்கவும்" என்று ஒரு பெண்குரல் பேசுமே, அந்தக் கருவியின் வயரை உள்விளக்கின் சுவிட்சோடு சேர்த்துவிட்டேன். அப்பா முதல்முறை விளக்கைப் போட்டதும் அந்த அம்மாள் காதருகில் எச்சரித்தார். அப்பா மரியாதையாக விலகி நின்று, யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி விளக்கைப் போட்டார். மறுபடி எச்சரிக்கை, மறுபடி விலகல். மூன்றாவது தடவை அம்மா சமையலறை ஜன்னல் வழியாக, "யாருங்க அந்தப் பொம்பளை?" என்று கேட்ட பிறகுதான் நான் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

ஆனால் அடுத்து வந்தது நான் செய்ததில்லை, சத்தியமாக. விளக்கு எரியும், மெஷினும் ஓடும், எல்லாம் சுகமாக இருக்கும். அம்மா ஏறி இடது மூலையில் உட்கார்ந்தால் மட்டும் பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். ஃப்யூஸை மாற்றுவேன், எரியும். அம்மா உட்காருவார், அணையும். நானும் அப்பாவும் அதே மூலையில் முட்டிபோட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒருவேளை வெயிட்டு தாங்கலையோ என்னவோ" என்றார். அம்மா இறங்கி வீட்டுக்குள் போனார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அவரவரே போட்டுக்கொண்டோம்.

எதிரில் சாவி வெட்டிக் கொடுப்பவர் இருக்கிறாரே, அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃப்யூஸ்தானே போகுது? நடுவுல ஒரு கம்பியை வச்சு முறுக்கிடுங்க, ஜென்மத்துக்கும் போகாது" என்றார். அப்பாவுக்கு அது பெரிய ஞானமாகத் தெரிந்தது, கம்பியும் கையில் எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நினைவு வைத்திருக்கிறேன்: "டேய், ஃப்யூஸ் போகுதுன்னா அது உன்னைக் காப்பாத்திட்டுத்தான் போகுதுன்னு அர்த்தம். கம்பி வச்சா கம்பி இருக்கும், நீ இருக்க மாட்டே. பஞ்சும் துணியுமா தச்சு வச்சுருக்கே, அதுக்கு நடுவுல மூஞ்சியில குழாயை மாட்டிக்கிட்டுப் படுக்கப்போறே. கீழ போடுடா அதை." அப்பா கம்பியைக் கீழே போட்டார். ஐம்பது வயதுக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிக்கா" என்றார். சாவிக்காரர் சத்தமில்லாமல் கடைக்குள் போய்விட்டார். அத்தை, இந்தக் கடிதத்தில் எத்தனை நன்றி இருந்தாலும் அந்த ஒரு "கீழ போடுடா"வுக்கு உரியது தனி. அன்றைக்கு நாங்கள் கம்பி வைத்திருந்தால் இன்றைக்கு நான் வேறு மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலையில் அம்மா, கடையில் கீழே விழுந்த ஊசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். தான் சாய்ந்து உட்காரும் இடத்தில் மெத்தையின் மேல் மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் காந்தம் நகர மாட்டேன் என்றது. கத்தரியை எடுத்து அவரே தையலைப் பிரித்தார். உள்ளே தையல்மெஷின் ஊசியின் உடைந்த முனை, இரண்டு வயரையும் சேர்த்துக் குத்திக்கொண்டு நின்றது. தைக்கும்போது ஊசி உடைந்திருக்கிறது, அப்பா வழக்கம்போல் வேறு ஊசி போட்டுத் தைத்துக்கொண்டே போயிருக்கிறார். நாங்கள் முட்டிபோட்டோம், அம்மா மட்டும்தான் முதுகைச் சாய்த்தார். சாய்ந்தால் முனை அழுந்தும், பிளஸ்ஸும் மைனஸும் கைகோக்கும், ஃப்யூஸ் போகும். அம்மா அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டி, "எடை போட்டுப் பாருங்க" என்றார். அப்பா அன்று முழுவதும் காபி போட்டார். அடிபட்ட வயரை வெட்டி, புதிதாக இணைத்து, இந்த முறை சிவப்பும் கறுப்பும் வெளியே தெரியவே ஓட்டியிருக்கிறேன். வீட்டிலேயே முதல்முதலாகப் பொறி பறக்கவிட்டவள் என்ற முறையில் நானும் இனிப் பொறியாளர்தான்.

போன வாரம் அப்பா வாசலில் நின்ற வண்டிக்குள் ஒரு இரவு முழுக்க மெஷினோடு படுத்தார். பேட்டரியைத் தின்னும் என்று நீங்கள் சொன்னபடி, மூச்சுக்காற்றை ஈரமாக்க அதில் தண்ணீர் சூடாக்கும் பட்டனை அணைத்துவைத்தோம். காலையில் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். அப்பா கூண்டின் கதவைத் திறந்து உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு நாளாச்சு, வேற இடத்துல கண்ணு முழிச்சு" என்றார். வீட்டிலிருந்து பத்தடி தூரம்தான், இருந்தாலும் நான் கிண்டல் செய்யவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கே அப்படி ஆகிவிட்டது.

ஆனால் வண்டி தயார், ஆள் தயார் இல்லை. வண்டிக்குத் திரைச்சீலை தைக்கணும் என்றார், தைத்தார். தலையணைக்கு உறை என்றார், அதுவும் ஆனது. நேற்று செருப்புக்கு ஒரு பை தைத்தார். தையல் எல்லாம் இருக்கிறது அத்தை, தைரியம்தான் இல்லை. நடுவழியில் பேட்டரி தீர்ந்தால் என்ன, அக்கா வீட்டில் எல்லார் முன்னாலும் அந்த மூடியோடு எப்படிப் படுப்பது. இரண்டாவது காரணத்தை அவர் சொல்லவில்லை, அம்மா சொன்னார். இன்று காலை, "அக்காவுக்கு நன்றி எழுது. அடுத்த வருஷம் பாக்கலாம்னு கடைசியில எழுது" என்று சொன்னார். கடைசி வந்துவிட்டது, எழுதிவிட்டேன்: அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

உங்கள் இரண்டு முழங்கால்களும் சண்டையில்லாமல் நீடூழி நடக்கட்டும். பட்டறையில் எல்லார் ஃப்யூஸும் உங்களைக் கண்டால் மட்டும் போகட்டும். அப்பாவின் வணக்கமும், அம்மாவின் அன்பும் (அண்ணிக்கு என்று தனியாகச் சொல்லச் சொன்னார்), என் வாலாட்டலும்.

இப்படிக்கு,
உங்கள் குட்டிச்சாத்தான்

பி.கு.: அத்தை, இங்கே நிறுத்திவிட்டுக் கவரைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டாம்ப் இல்லை. தபாலில் போடத்தான் கிளம்பினோம். வண்டியிலேயே போகலாம், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் என்றார் அப்பா. போஸ்ட் ஆபீஸ் வந்தது, வண்டி நிற்கவில்லை. "தாண்டிட்டீங்க" என்றார் அம்மா. "கூட்டமா இருந்துச்சு, அடுத்ததுல போடலாம்" என்றார் அப்பா. அடுத்ததையும் தாண்டினார், அதற்கடுத்த ஊரையும் தாண்டினார், யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் எப்படியோ மூன்று பேருக்கும் மாற்றுத்துணி இருந்தது. எங்கள் கடைக் கதவில் "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்ற பலகை முந்தாநாளிலிருந்து தொங்குகிறது. கிளம்பியதே தாமதம் என்பதால் ஒரு இரவு இரண்டானது, இரண்டு ராத்திரியும் பெட்ரோல் பங்க் ஓரமாகப் படுத்தோம், பேட்டரி தாங்கியது, அப்பாவும் தாங்கினார். இன்று விடியும்போது உங்கள் தெருவுக்கு வந்துவிட்டோம். அக்கா எழுந்திருக்கட்டும், அதுவரை கொஞ்சம் கண்ணை மூடுகிறேன் என்று மூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். வரும்போது மெதுவாக வாருங்கள். உங்கள் தம்பி தூங்குகிறார். காதை வைத்துக் கேளுங்கள், சத்தமே இல்லை.