நடுவாந்திரச் சூடு

தொழில் முனைவோரில் ஒரு ரகம் உண்டு. இவர்களுக்கு ‘முடியாது’ என்ற சொல் மட்டும் நாக்கில் வராது. கையில் இருப்பது ஒரே கடை, ஒரே ஓவன், ஒரே மனைவி; வாக்குக் கொடுப்பதோ ஊர் முழுவதற்கும்.

கோட்டுச்சேரியில் பேக்கரி வைத்திருக்கும் கார்முகிலைப் பாருங்கள். ரொட்டி சுடத்தான் கடை திறந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஜூஸ் போட்டார் என்று ஜூஸ், எதிர்க்கடைக்காரர் ரீசார்ஜ் செய்தார் என்று ரீசார்ஜ், வழியோடு போன ஓர் அம்மாள் கேட்டுவிட்டார் என்று கோலமாவு, இப்படிச் சேர்த்துச் சேர்த்துப் பெயர்ப்பலகையில் கடையின் பெயருக்கே இடமில்லாமல் போய்விட்டது. கேட்டால், “வர்றவங்களை எப்படிங்க திருப்பி அனுப்புறது?” என்பார். நியாயந்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை, கடையின் நெடுநாள் வாடிக்கையாளர் அனெத் அம்மாளின் பேரனுக்கு ஞானஸ்நானம். மகள் லொரேன் அதற்காகவே பிள்ளையோடு பாரிசிலிருந்து வந்திருந்தாள். பெரிய கேக் வேண்டும். அதே காலையில் நெடுங்காட்டில் சிவநாதன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கூடை கூடையாகப் பப்ஸ். இரண்டையும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. சொதப்பினால் அனெத் அம்மாள் தெருவே இனிக் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காது.

“கேக்குக்கு மெதுவான சூடு, பப்ஸுக்கு நல்லா ஏறணும். எதை முதல்ல வைக்கிறீங்க?” என்று கேட்டாள் மனைவி தாமரைச்செல்வி.

முதலாளி முடிவெடுக்க வேண்டிய இடம். கார்முகிலும் எடுத்தார். இரண்டையும் ஒன்றாக உள்ளே தள்ளி, நடுவாந்திரமாக ஒரு சூட்டை வைத்தார். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை பாருங்கள்!

கேக் மேலே கருகி, உள்ளே கூழாக வந்தது. பப்ஸ் உப்பவே இல்லை.

“இப்பவாவது ஒன்னைச் சொல்லுங்க. யாருக்கு முதல்ல ஃபோன் போடுறது?”

“ரெண்டு பேரையும் ஒரே கால்ல சேர்த்துடலாமே? கான்ஃபரன்ஸ் இருக்குல்ல?”

தாமரைச்செல்வி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். பப்ஸ் வராது என்று சிவநாதனிடம் சொல்லி, அவரிடம் வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு, புதிதாக மாவு கலந்து கேக்கை மட்டும் ஓவனில் ஏற்றினாள். அருமையான கேக். மாதா கோவிலிலிருந்து ஆட்கள் திரும்புவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவர் கார்முகில்தான். கொடுத்த கையோடு, பாரிசுக்கு மாதாமாதம் முறுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோதே வீட்டில் ஒருவர் உங்களிடம் வந்து ஏதோ கேட்டார், நீங்களும் நிமிர்ந்து பார்க்காமல், “ம்... சரி சரி” என்றீர்கள். எதற்குச் சரி சொன்னீர்கள்?