'உறைப்பு' உணவக ஆதரவுப் பேரவை

குடும்பத்தோடு வெளியே போய் எங்கே சாப்பிடுவது? மனிதகுலம் விடை தேடித் தவிக்கும் மாபெரும் கேள்விகளில் ஒஸ்லோத் தமிழரின் பங்கு இது. இக்கேள்விக்கு அதிகாரபூர்வமாகப் பதில் சொல்லத் தகுதி பெற்றவர் அந்த நகரில் ஒருவரே. அவர் நகர ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில் வசிக்கும் திரு. மகேசன். எந்தக் கடையிலும் அவர் ஒருநாளும் காசு கொடுத்துச் சாப்பிட்டதில்லை என்பதால் அவருடைய நடுநிலைமையை எவரும் சந்தேகித்ததில்லை.

கேட்டவர்களுக்கு மனங்கோணாமல் விளக்குவார். நோர்வேஜியன் கடையா? மீனையும் அவிப்பான், கிழங்கையும் அவிப்பான், விலையைப் பார்த்தால் வயிறு எரியும். தாய்லாந்துக் கடையா? கறிக்குள் சீனி. பாகிஸ்தான் கடையா? ருசிக்குக் குறைவில்லை, ஆனால் குசினிக்குள் நிற்பவன் நம்மவன். கோப்பையில் மிச்சம் வைத்தால் அடுத்த நாள் ஒஸ்லோ முழுக்கக் கதைத்துப்போடுவான். ஆகவே வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெளியே போவதே உத்தமம் என்பது அவருடைய முடிந்த முடிவு.

ஆனால் மேடை ஏறினால் அவர் வேறு மனிதர். பொங்கல் விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்தால் நரம்பு புடைக்கும். "சீனனுக்குக் கடை இருக்கு! துருக்கிக்காரனுக்குக் கடை இருக்கு! ஒஸ்லோவிலை தமிழன் போயிருந்து சாப்பிட ஒரு தமிழ்க் கடை இருக்கோ?" மண்டபம் அதிரும்.

கைதட்டியவர்களில் சிறிதேவியும் ஒருத்தி. மேடைப் பேச்சை நம்புகிற கெட்ட பழக்கம் அவளுக்கு எங்கிருந்து தொற்றியதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆஸ்பத்திரிக் குசினியில் இருந்த நிரந்தர வேலையை விட்டாள். பிள்ளைகளோடு இருந்த வீட்டை ஈடு வைத்தாள். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வசந்தத்தில் நகர நடுவே 'உறைப்பு' என்ற பெயரில் கடையைத் திறந்தாள். நாடாவை வெட்டியவர் மகேசன்.

சமூகம் திரண்டு வந்தது, பார்ப்பதற்கு. "நல்ல முயற்சி" என்று வாசலில் நின்று வாழ்த்தியது. "சொதிக்கு இன்னும் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடும்" என்று ஆலோசனை வழங்கியது. இருந்து சாப்பிடுங்கோவன் என்றால், "இடியப்பம் வீட்டிலை அவிக்கிறதுதானே" என்று சொல்லிப் பேருந்தைப் பிடித்தது. மற்றவர்களோ, தமிழர் தின்னாத தமிழ்ச் சாப்பாட்டை நாம் ஏன் தின்ன வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும். வெறுமையான கடைக்குள் எவன்தான் நுழைவான்?

பனி கொட்டத் தொடங்கியபோது சிறிதேவி மகேசனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, மாசி முடியமுந்திச் சனம் வராட்டில் பூட்ட வேண்டியதுதான். கடையோடை வீடும் போயிடும்."

"விசர்க் கதை கதையாதையும் தங்கச்சி. நாங்கள் இருக்கிறம்."

"இருக்கிறியள்தான். ஒருக்கால் அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து சாப்பிடுங்கோவன்."

"நான் ஒருத்தன் சாப்பிட்டு என்ன ஆகப்போகுது? இது சமூகப் பிரச்சினை. இதுக்கு ஒரு அமைப்பு வேணும்."

ஒரு கிழமைக்குள் 'உறைப்பு உணவக ஆதரவுப் பேரவை' உதயமானது. தலைவர் மகேசன். செயலாளர் அருட்செல்வம். முதலாவது பொதுக்கூட்டத்தை எங்கே நடத்துவது என்று ஆராயப்பட்டது. பாடசாலை மண்டபம் என்றால் வாடகை. "சிறிதேவியின்ரை கடை சும்மாதானே கிடக்குது!" என்றார் அருட்செல்வம். இப்படி ஒரு செயலாளர் வாய்க்கத் தவம் செய்திருக்க வேண்டும் என்று மகேசன் உள்ளம் பூரித்தார்.

சிறிதேவியும் பூரித்தாள். "எத்தனை பேரண்ணை வருவினம்?"

"கடை கொள்ளாது!"

அந்தச் சனிக்கிழமை விடியமுன்னே எழும்பி அவள் அடுப்பை மூட்டினாள். நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, இடியப்பம். கடனுக்கு வாங்கிய நண்டு. இந்த ஒரு நாள் சனம் சாப்பிட்டு ருசி கண்டால் போதும், பிறகு தன்பாட்டில் வரும் என்று அவள் நினைத்தாள்.

பின்னேரம் சனம் வந்தது. உண்மையாகவே கடை கொள்ளவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் அலுமினியத் தட்டு! றோல்ஸ், கட்லற், வடை, கேசரி. மகேசனின் மனைவி உதயகுமாரி இரண்டு தட்டு கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, நான் சமைச்சு வைச்சிருக்கிறன்..." என்றாள் சிறிதேவி.

"கூட்டத்துக்கு வெறுங்கையோடையே வாறது? உமக்கேன் கரைச்சல்? சமைச்சதைக் காசு குடுத்துத் தின்னுற சனத்துக்கு வையும். இந்த றோல்ஸை ஒருக்காச் சூடாக்கும்."

மகேசனின் மகள் மிதுனா பல்கலைக்கழகத்தில் படிப்பவள். நோர்வேஜியர் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் பாண் பொட்டலத்துக்கு 'மாத்பக்க' என்று பெயர். அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பா, ரெஸ்டோறன்றுக்கு ஆராவது மாத்பக்க கொண்டு வருவினமோ?"

"இதுதான் பிள்ளை இன்ரெகிறேறிங். இந்த நாட்டோடை நாங்கள் இணைஞ்சிட்டம்."

கூட்டம் ஆரம்பமானது. தீர்மானம் ஒன்று: ஒவ்வொரு குடும்பமும் வாரம் ஒருமுறை 'உறைப்பில்' உண்ண வேண்டும். வாரம் என்பது கடினம் என்று ஒருவர் கட்லற்றைக் கடித்தபடி ஆட்சேபித்தார். மாதம் என்று திருத்தப்பட்டது. அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் 'வசதிப்படும்போது' என்று மாற்றி ஏகமனதாக நிறைவேற்றினார்கள். சிறிதேவி குசினிக்கும் மேசைக்குமாக ஓடித் தேநீர் கொடுத்தாள். அவளுடைய நண்டுக் கறி மூடியபடி கிடந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. ஏதோ கந்தோரில் வேலை செய்கிற நோர்வேஜியர்கள், ஒரு பெரிய கூட்டம், உடுப்பெல்லாம் பனி. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்திருக்கிறார்கள். சனம் நிரம்பி வழிகிற கடையென்றால் சாப்பாடு கட்டாயம் நல்லாக இருக்குமே! எங்களுக்கும் இடமிருக்குமா என்று முன்னால் நின்ற பெண் கேட்டாள்.

வாசலுக்குக் கிட்ட இருந்தவர் தலைவர்தான். மகேசனின் நெஞ்சு விம்மியது. நாட்டுக்கு வந்த புதிதில் வாடகை வீடு தேடி அலைந்தபோது 'இடமில்லை' என்ற சொல்லை எத்தனை கதவடியில் கேட்டிருப்பார்! அதை ஒரு நோர்வேஜியனுக்குத் திருப்பிச் சொல்லும் பாக்கியம் இந்தப் பிறவியிலேயே கிடைக்கும் என்று அவர் எண்ணவில்லை. எழுந்து நின்று, சுத்தமான நோர்வேஜிய மொழியில், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: மன்னிக்க வேண்டும், இடமில்லை.

பொறுத்திருக்கலாமா என்று அவர்கள் கேட்டார்கள். முடியாது, இந்த உணவகத்தைக் காப்பாற்றுவதற்கான கூட்டம் நடக்கிறது என்று விளக்கினார். அவர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

சிறிதேவி குசினியிலிருந்து சூடாக்கிய றோல்ஸுடன் வந்தாள். "ஆரண்ணை வந்தது?"

"சாப்பிட இடமிருக்கோ எண்டு கொஞ்ச வெள்ளையள் வந்தவை. இல்லையெண்டு அனுப்பிப்போட்டன்." அவருடைய குரல் தழுதழுத்தது. "தங்கச்சி, உம்மடை கடையிலை இடமில்லையெண்டு வெள்ளைக்காரனைத் திருப்பி அனுப்புற நாள் வருமெண்டு கனவிலையாவது நினைச்சனீரோ?"

சபை எழுந்து நின்று கைதட்டியது.

சிறிதேவி தட்டை வைத்துவிட்டு மேலங்கிகூடப் போடாமல் வெளியே ஓடினாள். அவர்கள் எதிர்ப்பக்கத்துத் தாய்லாந்துக் கடைக்குள் போய் மேலங்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவள் தலைமயிரில் பனி.

"அண்ணை, அவையள் சாப்பிட வந்த சனம்."

"விளங்குது தங்கச்சி, ஆனால் கூட்டம் நடக்கேக்கை..."

"இவ்வளவு மாசமா நீங்கள் ஒருத்தரும் சாப்பிட வரேல்லை. அதையும் பொறுத்தன். இண்டைக்கு வந்த சனத்தையும் கலைச்சுப்போட்டியளே! என்ரை வீட்டைத் தின்னுட்டியளே, பாவியள்!"

இதைக் கூட்டக் குறிப்பில் எழுதுவதா என்று அருட்செல்வம் தலைவரின் காதுக்குள் கேட்டார். "கடைக்காரி உணர்ச்சிவசப்பட்டு நன்றி கூறினார் எண்டு எழுதும்" என்றார் மகேசன். அவருக்குக் கோபமே வரவில்லை. பெரிய மனசு.

மாசி முடிவில் 'உறைப்பு' பூட்டப்பட்டது. வீடும் போனது. சிறிதேவி பிள்ளைகளோடு ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் துப்புரவு வேலைக்குப் போகிறாள். பேரவையோ சிறு சோதனைக்கெல்லாம் உடைந்துபோகிற அமைப்பு அல்ல. பேர்கன் நகரில் கிளை திறந்துவிட்டது. ஆண்டு மலர் வெளியிட்டது. ஆதரவு கொடுக்க அங்கத்தவர்கள் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதரிப்பதற்குத்தான் இன்னும் ஒரு கடை அகப்படவில்லை. ஆகவே, ஒஸ்லோவில் உணவகம் திறக்கும் எண்ணம் தமிழர் எவருக்காவது இருந்தால் தாராளமாகத் திறக்கலாம். பேரவைக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.