கட்டாயம் இருக்க வேண்டிய வியாதி

உலகக் கோப்பை கிரிக்கெட் முடியும்வரை டி.வி.யை விட்டு நகர்வதில்லை என்று 1999 மே மாதம் தீர்மானம் செய்தேன். அன்று மாலையே என் மனைவி நீரஜா, காசிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றாள். மாமியாரோடு பன்னிரண்டு நாள்!

இருப்புக் கொள்ளவில்லை. லஸ்ஸில் இருக்கும் நோயலின் பிரௌசிங் சென்டருக்கு ஓடினேன். எனக்கு அவசரமாக ஒரு வியாதி தேவை. ரயில் ஏறக் கூடாது. ஊசி கூடாது. நெய் ரோஸ்ட் சாப்பிடலாம். அத்தனையையும் இன்டர்நெட் தேடலில் ஒரே வரியில் அடித்தேன். நாய்களுக்கு வரும் சொறி பற்றி நாற்பது பக்கம் வந்தது.

நோயல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மொத்தமா கொட்டினா அது இன்னா பண்ணும்? இந்தப் பக்கத்துக்கு வாங்க. கட்டாயம் இருக்கணும்னா மேல் பெட்டி. இருக்கவே கூடாதுன்னா கீழ்ப் பெட்டி. ஒவ்வொண்ணா சேத்துக்கினே போங்க."

மேலே 'தலைசுற்றல்', 'பயணம் ஆகாது'. கீழே 'ஊசி', 'ஆபரேஷன்', 'பத்தியம்'. ஆறாவது முயற்சியில் சிக்கியது, காதுக்குள் ஒரு கோளாறு. இந்தப் பெட்டிகளைக் கண்டுபிடித்தவன் மகராசனாக இருக்கட்டும்!

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினேன்.

"ஏன்னா, என்ன ஆச்சு?"

"காதுக்குள்ள கோளாறுடி. ரயில் ஏறினா ஆபத்து."

"டாக்டர் சொன்னாரா?"

"இன்டர்நெட்டே சொல்லிடுத்து!"

நீரஜா பதறவில்லை. எனக்குத்தான் பதறியது. மறுநாள், அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்று அதே சென்டருக்குக் கிளம்பினாள். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். தலைசுற்றல்காரன் என்பதை மறந்து வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தேன்.

கையில் ஒரு காகிதத்தோடு திரும்பினாள்.

"உங்க வியாதிக்கு வைத்தியம் போட்டிருக்கான். பன்னண்டு நாள் இருட்டு ரூம்ல படுத்துக்கணும். காபி கிடையாது. டி.வி. பக்கமே திரும்பப்படாது. காசியைக் கேன்சல் பண்ணிட்டேன். உங்களைப் பாத்துக்க அம்மா இங்கேயே வந்துண்டிருக்கா."

"எந்த மடையன் எழுதினான் இதை? காதுக்கும் டி.வி.க்கும் என்னடி சம்பந்தம்?"

"நீங்க உக்காந்த அதே நாற்காலின்னு நோயல் காட்டினார். முதல் எழுத்தைத் தட்டினதும், நீங்க தேடினதெல்லாம் வரிசையா கீழே வந்து நின்னுது."

எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது.

"உங்க வியாதியைப் பத்தி முன்னூறு பக்கம் இருந்தது. ஒருத்தனும் டி.வி.யைப் பத்திப் பேசலை. 'டி.வி. கூடாது'ன்னு மேல் பெட்டியில போட்டேன். ஒரே ஒரு பக்கம் வந்தது. அது போறுமே!"