தான்சானியாக் கன்று

காலையில் தொட்டியை வெயிலுக்குத் திருப்பி வைக்கப் போன பாண்டீஸ்வரன், கன்றின் அடியில் ஓர் இலை மஞ்சளடித்திருப்பதைக் கண்டு பதறிப்போனார். பெரியகுளத்திலிருந்து தோட்டக்கலைப் பேராசிரியை அனுசுயா அதைப் பார்க்க வர இன்னும் எட்டே நாள்.

சாதாரணக் கன்றா அது? மகன் திலீபன் வேலை பார்க்கும் தான்சானியாவுக்குப் போய், நம்மூர் வெயிலெல்லாம் ஒரு வெயிலா என்று நினைக்கவைக்கும் வெயிலில் அலைந்து, அவர் கையாலேயே பொறுக்கிவந்த பாவோபாப் விதை. ஆயிரம் வருஷம் நிற்கும் மரம். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்கப் பத்துப் பேர் வேண்டும். பன்னிரண்டு விதையில் ஒன்றுதான் முளைத்தது. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறி ஓய்வுபெற்றவர், இந்த ஒன்றரையடிக் கன்று வந்த பிறகுதான் வடுகபட்டித் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அவர் போனில் அதன் படத்தைப் பார்க்காமல் டீக்கடையில் ஒருத்தரும் டீ குடித்ததில்லை.

"மகன் பொறந்தப்பக்கூட நீங்க இம்புட்டுப் பேருக்குச் சொல்லல," என்பாள் மனைவி பொன்னாத்தாள்.

மஞ்சள் மாறட்டும் என்று யூரியா வைத்தார். மறுநாள் நான்கு இலை கருகியது. உரச்சூடு தணியட்டும் என்று வேளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். தண்டு சாய்ந்தது. நிமிர்த்திக் குச்சி கட்டப் போனபோது கன்று கையோடு வந்துவிட்டது. வேர் அழுகிக் கூழாகியிருந்தது.

பேராசிரியையை வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள் பொன்னாத்தாள். பாண்டீஸ்வரன் கேட்பாரா? பாதி ஊரை ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்தாகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ராக்கப்பனின் கொல்லையில், சுவரோரம் நின்ற இலவம்பஞ்சுக் கன்றுகள் கண்ணில் பட்டன. அதே ஐந்து விரல் இலை. வியாழக்கிழமை ராக்கப்பன் பூண்டுச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கம்பம் ஏறிய பழக்கத்தில் சுவரேறிக் குதித்து, ஒன்றை வேரோடு தோண்டிவந்து தொட்டியில் நட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடி நிற்க, அனுசுயா லென்ஸ் வைத்து இலையைப் பார்த்தார். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். பாண்டீஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி மடித்துக் கட்டினார்.

"அசல் பாவோபாப்," என்றபடி நிமிர்ந்தார் அவர். "விதையில இருந்து இவ்வளவு திடமா வந்து நான் பார்த்ததே இல்ல சார். என்ன உரம் போடுறீங்க?"

கூட்டம் கைதட்டியது. இலவங்கன்று எப்படி பாவோபாப் ஆனது என்று பாண்டீஸ்வரனுக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் நெஞ்சு தானாக விரிந்தது. கை மீசைக்குப் போனது. எல்லாம் நம்ம கைராசி என்று சொல்ல வாயெடுத்தபோது, ராக்கப்பன் அவர் காதருகே குனிந்தார்.

"உரமெல்லாம் கெடையாது, தெனம் எங்க ஆடுதான் கடிக்குதுன்னு அவுககிட்டச் சொல்லுங்கண்ணே. மொளைக்கலன்னு நீங்க எங்க பக்கம் கொட்டிவிட்ட வெதையில வந்ததுதானே இது."