மேசைமணி ஏலத்தில் மரியாதை விதிகள்

ஓய்வு பெற்ற அதிகாரிகளுக்கு வீட்டில் உள்ள தலையாய குறை, மணியடித்தால் யாரும் வருவதில்லை என்பதே. மேற்படி குறையைக் களையும் பொருட்டு அவர்கள் ஒன்றுகூடி, மேசைமணி சேகரிப்போர் சங்கம் கண்டார்கள். அதிகாரியின் மேசையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்குமே, உச்சியில் ஒரு தட்டு தட்டினால் வாசலில் இருக்கும் பியூன் எட்டிப் பார்ப்பாரே, அந்த மணி. அலுவலகங்கள் கணினிக்கு மாறியதும் இந்த மணிகளை இணைய ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். சங்கத்தாரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அவற்றைச் சீண்டவில்லை. ஆகவே போட்டி கடுமையாக இருந்தது.

அரசுப் பதவி எதுவும் வகிக்காமல், பொதுமக்கள் பிரிவில் சங்கத்தில் சேர்ந்த ஒரே உறுப்பினர் கறார். அது தெரு வைத்த பெயர். பழைய இரும்புக் கடைக்காரர். துருப்பிடித்த ஆணிக்கும் அரைமணி நேரம் பேரம் பேசி மேலே வந்தவர். கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. கடைக்கு உரிமம் வாங்க அலைந்த காலத்தில் ஓர் அலுவலக வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவருக்கு முன்தலை வழுக்கை விழுந்தது. உள்ளே இருந்த மணிக்கு விளிம்பில் சொட்டை. அடித்தால் கணீரென்று தொடங்கி, தொண்டை கட்டினது போல முடியும். அந்தச் சத்தத்தை அவர் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

அதே மணி இப்போது ஏலத்துக்கு வந்திருந்தது. அதை அடித்த கண்காணிப்பாளரும் அதே சங்கத்தில் இருந்தார். அவருக்குக் கறாரை நினைவில்லை. வாசலில் உட்கார்ந்தவர்களின் முகம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிய விதியில் இடமில்லை.

"இரும்பு விக்கிறவரு இரும்பையே ஏலத்துல எடுக்கப் போறாராம்" என்றாள் மனைவி.

"அது பித்தளை. அதை நான் அடிக்கணும். அந்த ஆளு என் கடை வாசல்ல உக்காந்திருக்கணும். ஒரே ஒரு தடவை போதும்."

"அதுக்கு இவ்வளவு செலவா? கூப்பிட்டு ரெண்டு திட்டு திட்டினா ஆகாதா?"

ஆகாது என்று அவர் முறைத்த முறைப்பிலேயே தெரிந்தது.

ஆனால் சங்கத்தில் ஏலம் கேட்பது அவ்வளவு சுலபமில்லை. விலையைக் கூட்டும் முன், கைபேசிக் குழுவில் "தங்கள் மேலான அனுமதியுடன் சற்றே கூட்ட உத்தேசித்துள்ளேன்" என்று எழுத வேண்டும். தனக்கு மேல் பதவியில் ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொருவராக "பார்வையிடப்பட்டது" என்று போடுகிறவரை காத்திருக்க வேண்டும். கடைசி நொடியில் பாய்ந்து கேட்பது அநாகரிகம். அதிகாரி எதையும் நொடியில் செய்தார் என்ற கெட்ட பெயர் சங்கத்துக்கு வரக்கூடாது. கறார் ஒருமுறை இதையெல்லாம் மதிக்காமல் சட்டென்று கேட்டுவிட்டார். எல்லோரும் சேர்ந்துகொண்டு விலையை ஆகாயத்துக்கு ஏற்றி, மரியாதையை நிலைநாட்டினார்கள். அன்றைக்கு அவர் கடையில் நல்ல பாத்திரமெல்லாம் நசுங்கியது.

இந்த முறை அவர் விதிப்புத்தகத்தைப் பழைய இரும்பு மாதிரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது. 'பணிமூப்பு குறித்த ஐயம் நிலுவையில் உள்ளபோது அலுவலர் எவரும் விலை கேட்கலாகாது.' அலுவலர் எவரும். அவரோ பொதுமக்கள் பிரிவு. அதிகாரிகள் அசையாமல் இருக்கும்போது பொதுமக்கள் அசையக்கூடும் என்று அதை எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

ஏலம் முடிகிற தறுவாயில் மணிக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் கண்காணிப்பாளர். கடைசி சில மாதம் இயக்குநர் பதவியைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தவர். மற்றவர் முழு இயக்குநர். இடையிலேயே விருப்ப ஓய்வு பெற்றவர். கறார் மிகுந்த பணிவோடு குழுவில் எழுதினார்: "ஐயா, எளியவனின் சந்தேகம். பொறுப்பு இயக்குநராகக் கடைசி நாள்வரை இருந்தவர் பெரியவரா, முழு இயக்குநராக இருந்து பாதியில் போனவர் பெரியவரா? யாருக்கு முதல் வணக்கம் வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன்."

இயக்குநர், இதில் சந்தேகமே எழவில்லை என்றார். கண்காணிப்பாளர், சந்தேகமே இல்லை என்பதைத் தாமும் வழிமொழிவதாகவும், ஆனால் விடை வேறு என்றும் தெரிவித்தார். பழைய ஆணைகள் வந்து விழுந்தன. பிரிவுபசார விழாவில் யாருக்குப் பெரிய மாலை என்பதற்குப் புகைப்படச் சான்று காட்டப்பட்டது. "பாதியில போனவருக்கு எதுக்கு மாலை?" என்று ஒருவர் எழுதிவிட்டு அழித்தார். அதற்குள் எல்லோரும் படித்துவிட்டிருந்தார்கள். ஏலக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஐயம் நிலுவையில் இருந்தது.

கறார் இருந்த விலைக்கு மேல் ஒரு படி கூட்டிக் கேட்டார். மணி அவருடையதாயிற்று.

சங்கம் கொதித்தெழுந்து அவரை நீக்கத் தீர்மானம் எழுதியது. அதில் முதல் கையெழுத்தை மூத்தவர் போட வேண்டும். மூத்தவர் யார் என்பது முடிவாகவில்லை. ஆகவே கறார் இன்றளவும் மதிப்புக்குரிய உறுப்பினர்.

மணி வந்து சேர்ந்தது. கறார் கடைக்குள் ஒரு மேசை போட்டார், சாய்வு நாற்காலி போட்டார், வாசலில் முதுகு சாய்க்க வழியில்லாத முக்காலி ஒன்றும் போட்டார். அவர் நினைத்தபடியே கண்காணிப்பாளர் வந்தார். ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்க விடும்படி கேட்டார்.

"வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்" என்றார் கறார். இந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகவே அவர் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தது போலிருந்தது.

கண்காணிப்பாளர் முக்காலியில் உட்கார்ந்தார். பழைய செய்தித்தாள், ஓட்டை வாளி, கழன்ற சைக்கிள் சக்கரம் என்று எடைக்குப் போட வந்தவர்களும் பக்கத்தில் நின்றார்கள். கறார் அவர்களையும் நிற்க விட்டார். வேண்டிய மட்டும் நிற்க விட்டார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளங்கையை உயர்த்தி, மணியின் உச்சியில் ஒரு தட்டு தட்டினார்.

கணீரென்று தொடங்கி, தொண்டை கட்டினது போல முடிந்தது.

கறாரின் கால்கள் தாமாக எழுந்தன. கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. சாய்வு நாற்காலியை விட்டு, மேசையைச் சுற்றி, வாசல்வரை நடந்து, முக்காலிக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார். முக்காலியில் இருந்தவர் முதுகை நிமிர்த்தி, கண்ணாடியைச் சரிசெய்து, முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"என்ன விஷயம்?"

"சார், உரிமம் விஷயமா வந்தேன் சார்."

"பெரியவரு மீட்டிங்குக்குப் போயிருக்காரு. நாளைக்கு வாங்க."

"சரிங்க சார்."

கறார் தெருவில் இறங்கி நடந்தார். வாளிக்காரரும் சக்கரக்காரரும் செய்தித்தாள் கட்டைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்ட அம்மாவும் பின்னாலேயே இறங்கினார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

தெருமுனையில் மனைவி எதிரே வந்தாள். "எங்கங்க போறீங்க, கடையைத் தெறந்து போட்டுட்டு?"

"நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றார் கறார்.

அவள் அவரைப் பார்த்தாள். பின்னால் மூட்டையும் வாளியுமாக வருகிற கூட்டத்தைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயான்னு கேட்டீங்களா?"