கரையில் குனிந்தவர்

கணவனுக்கு அருகில் நிற்கும் இன்னொரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படும் மனைவிக்கு ஊர் அனுதாபம் காட்டும். கூடவே இரண்டு பேர் உட்கார்ந்து அழவும் செய்வார்கள். என் பொறாமைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. நான் பொறாமைப்பட்ட ஆளுக்கு அடர்ந்த மீசை இருந்தது, சட்டையில் எப்போதும் இறால் வாடை இருந்தது, பெயர் ஏழுமலை.

ஏழுமலை என் கணவர் தேசிங்கின் படகுக் கூட்டாளி. பழவேற்காடு ஏரியில் பதினைந்து ஆண்டுகளாக இருவரும் ஒரே படகில் வலை விடுகிறவர்கள். பொன்னேரியிலிருந்து தோணிரேவுக்கு மருமகளாக வந்த எட்டாவது மாதத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். ஏழுமலை இவருடைய சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை உருவுவார். இவர் பேச்சை நிறுத்தமாட்டார். தட்டிலிருந்து மீன் துண்டை எடுப்பார். இவர் அடுத்த துண்டை அவர் பக்கம் தள்ளி வைப்பார். இவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுக்க நான் கை வைத்தால், "இன்னா?" என்று திடுக்கிட்டுத் திரும்புவார். (மாப்பிள்ளை ரொம்ப ஒட்டுதலாக இருப்பார் என்று தரகர் சொன்னது உண்மைதான். யாரிடம் என்று நாங்கள் கேட்கத் தவறிவிட்டோம்.)

அப்போது நான் அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். நம் உடலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையை மூளை வரைந்து வைத்திருக்கிறது என்றும், அந்நியர் நெருங்கினால் அது விரியும், நம்பிக்கைக்குரியவர் நெருங்கினால் சுருங்கும் என்றும் பாடத்தில் இருந்தது. அதை அளக்கும் முறையும் எளிது. ஒருவர் நம்மை நோக்கி மெல்ல நடந்து வருவார்; மனம் சங்கடப்படும் இடத்தில் நாம் "போதும்" என்று சொல்ல வேண்டும்; இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். 'மீனவர் சமூகத்தில் உடல்சார் இடைவெளி' என்று ஆய்வேட்டுக்குக் கண்ணியமான தலைப்பு வைத்தேன். உண்மையில் நான் அறிய விரும்பியது ஒன்றே ஒன்று: என் கணவரின் எல்லைக்குள் நான் இருக்கிறேனா, இல்லையா?

விளைவுகளை எடைபோடாமல் எதிலும் இறங்காதவள் நான். பங்கேற்பாளருக்கு எத்தீங்கும் நேராது என உறுதியளிக்கும் ஒப்புதல் படிவம்கூட அச்சிட்டிருந்தேன். மாமியார் அதை எட்ட வைத்துப் பார்த்தார். "இன்னாத்துக்கும்மா கையெழுத்து? ரேஷன் கார்டுலேர்ந்து எம் பேர எடுக்கவா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படகுத்துறையில் ஆய்வு தொடங்கியது. வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். மீன் கூடைகளோடு பெண்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள்.

முதலில் ஏழுமலை நடந்தார். பத்தடி, ஐந்தடி, ஓரடி. என் கணவர் வாயைத் திறக்கவில்லை. இருவர் மூக்கும் இடிக்கப்போகும் நேரத்தில்தான் திறந்தார்.

"டேய், பல்லு வெளக்கினியாடா?"

"வெளக்கினேன்டா. வேணும்னா மோந்து பாரு."

பூஜ்யம் என்று குறித்தேன். பேனா காகிதத்தைக் கிழித்தது.

அடுத்து நான் நடந்தேன். நான்கடி தூரம் இருக்கும்போதே, "போதும்! போதும்!" என்று இருமுறை கத்தினார். (ஒருமுறை சொன்னாலே செல்லும் என்று படிவத்தில் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன்.)

துறையே சிரித்தது. ஏழுமலைக்கு மட்டும் இரக்கம் வந்தது. "அண்ணி, நான் வேணா இன்னொரு தபா வரேன். தூரமாவே நின்னுக்கிறேன்." அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இத்தினி பேரு குந்திகினு பாக்கறாங்கோ, பொண்டாட்டி நேரா மூஞ்சிக்கு வந்தா அவன் இன்னா பண்ணுவான்? கூச்சமா இருக்காதா?" என்றார் மாமியார். பிறர் பார்க்கும்போது இந்த எல்லை மாறும் என்பது என் பாடத்திலேயே இருந்தது. பொறாமை அந்தப் பக்கத்தை மட்டும் படிக்கவிடவில்லை.

அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்க வேண்டும். மாறாக, "இன்னைக்கு ஒரு நாள் நீங்க கரையில இருங்க. உங்க இடத்துல நான் நிக்கறேன்" என்று ஏழுமலையிடம் அறிவித்துவிட்டுப் படகில் ஏறினேன்.

"வேணாம் அண்ணி, அவன் கோலு திருப்புவான்" என்றார் அவர். அந்த எச்சரிக்கையை நான் உரிமை கொண்டாடுவதாகவே எடுத்துக்கொண்டேன்.

படகு நாற்பதடி போயிருக்கும். முன்னால் நின்று இவர் நீண்ட கோலை ஊன்றித் தள்ளினார். பின்னால், ஏழுமலை வழக்கமாக நிற்கும் பலகையில், நாடாவும் நானும். திசை மாற்றும் இடம் வந்ததும், திரும்பிப் பாராமல் கோலை நீரிலிருந்து உருவி மறுபக்கம் திருப்பினார். அதன் பின்பகுதி படகின் குறுக்கே சுழன்று வந்தது.

அந்தக் கணத்துக்கு ஊரே சாட்சி. கரையில் நின்ற ஏழுமலை சட்டென்று குனிந்தார். படகில் நின்ற நான் குனியவில்லை.

தோளில் அடி; அடுத்து ஏரி. சமூகத்துக்கு ஆற்ற நினைத்த பணிகளெல்லாம் கண்முன் ஓட, "காப்பாத்துங்க!" என்று கதறினேன்.

"எழுந்து நில்லும்மா!" கரையிலிருந்து மாமியாரின் குரல். "முட்டித் தண்ணி!"

நின்றேன். தண்ணீர் முழங்கால் வரை. சேறு தலை வரை.

அதற்குள் இவர் குதித்து வந்திருந்தார். ஊர் பார்க்க, தன் தலைத்துண்டை அவிழ்த்து என் முகத்தைத் துடைத்தார். "அவன்னு நெனச்சு கையி திரும்பிடுச்சும்மா" என்றார். எங்களுக்கிடையில் இருந்த தூரத்தை அளக்க நாடா இல்லை. அது ஏரியோடு போய்விட்டது.

கையில் கோல் இருந்தால், மூளை நம் எல்லையைக் கோலின் நுனிவரை நீட்டிக்கொள்கிறது. பதினைந்து ஆண்டுகள் அந்த நுனிக்குள் வாழ்ந்த இன்னொரு உடம்பு கரையில் இருந்தாலும் குனியும். இதை ஆய்வேட்டில் எழுதித் தேர்ச்சியும் பெற்றேன். எப்படித் தெரிந்தது என்று எழுதவில்லை. தீங்கு நேர்ந்த ஒரே ஆள், படிவத்தில் கையெழுத்திடாத நான்தான்.

அன்றுமுதல் துடைப்பமோ குடையோ கரண்டியோ, எதைக் கையில் பிடித்துத் திரும்பினாலும் இவர் முதலில், "கோலு!" என்று எனக்குக் குரல் கொடுப்பார். ஏழுமலைக்கு இதுவரை ஒருமுறையும் கொடுத்ததில்லை. எங்கள் மகள் முதன்முதலில் பேசிய சொல் அம்மாவும் இல்லை, நைனாவும் இல்லை, "கோயு".

அவளுக்கு இப்போது மூன்று வயது. சென்ற வாரம் இவர் ஒட்டடைக் கம்போடு கூடத்தில் திரும்பினார். பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தும் பாராமல், தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். கம்பு அவள் தலைக்கு மேலே தாண்டிப் போனது. வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏழுமலையும் அதே நேரத்தில் தாழ்ந்து எழுந்தார்.

பிறகு கம்பு என் பக்கம் வந்தது. "கோலு!" என்றார்கள் மூன்று பேரும்.

முன்பு ஒருவர் மீதுதான் பொறாமைப்பட்டேன்.