வெருளிக்கு வந்த இரத்தப் புற்றுநோய்

வவுணதீவில் மஞ்சள் தண்ணீர் ஐயா வந்திறங்கிய பிறகு வைத்தியசாலைக்கு வேலை இல்லாமல் போனது. நோயாளிகூட வரத் தேவையில்லை. அவர் போட்ட சட்டை போதும். ஐயா அதை மஞ்சள் தண்ணீரில் பிசைவார். சிவந்தால் இரத்தத்தில் புற்று. எல்லாருக்கும் சிவந்தது. எல்லாருக்கும் ஒரே எண்ணெய். ஆஸ்பத்திரி மருந்தை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

நிருஷாவும் வரிசையில் நின்றாள். அவளது ஐந்து வயது மகன் யதுர்ஷனுக்கு உண்மையாகவே இரத்தப் புற்றுநோய். முதல் மருந்துக்கே நோய் அடங்கிவிட்டது, ஆபத்துக் குறைந்த வகை, இனிக் குறைந்த மருந்தே போதும், கடும் மருந்து கொடுத்தால் உடம்புதான் கெடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் சிறுமி நிஸ்றாவுக்கு மருந்து கூடுதலாக ஏறியது. அது நிருஷாவை அரித்தது.

தண்ணீர் சிவந்ததும் ஐயா சொன்னார்: "கைவிட்டுட்டாங்க பிள்ள. அதான் மருந்தக் குறைச்சிருக்காங்க."

இனிக் கிளினிக்குக்கு வரமாட்டோம் என்று நிஸ்றாவின் தாய் அஸ்மியாவுக்குப் போன் எடுத்து அழுதாள் நிருஷா. மறுநாளே ஏறாவூரிலிருந்து அஸ்மியா வந்துவிட்டாள். தன் மகளின் நோய் மூர்க்கமானது, அதனால்தான் அந்த மருந்து; பிள்ளை வாய்ப்புண்ணோடு படும் பாட்டைத் தேவையில்லாமல் யாராவது கேட்டு வாங்குவார்களா என்று கேட்டாள். நிருஷாவையும் கூட்டிக்கொண்டு ஐயாவிடம் புறப்பட்ட அஸ்மியா, வழியில் வயலில் குருவி விரட்ட நின்ற வைக்கோல் வெருளியின் சட்டையைக் கழற்றிக்கொண்டாள்.

ஐயா பிசைந்தார். சிவந்தது.

"முத்திப்போச்சு. ஆளுக்குச் சாப்பாடும் இல்ல, நித்திரையும் இல்ல."

அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

சட்டை யாருடையது என்று அஸ்மியா சொன்னாள். முன்பு அதைப் போட்டவரின் நோய் என்றார் ஐயா, சளைக்காமல். கூட்டம் தலையாட்டியது.

"அப்ப கைய நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு இன்னொருக்காப் பிசைங்க," என்றாள் அஸ்மியா.

ஐயாவுக்குத் திடீரென்று தியான நேரம் வந்தது. அவர் எழும்புவதற்குள் நிருஷா, பையிலிருந்த மகனின் இன்னொரு சட்டையை அடுத்த பேசினில் இருந்த மஞ்சள் தண்ணீரில் தன் கையாலேயே பிசைந்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஐயாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரலிடுக்கெல்லாம் வெற்றிலைச் சுண்ணாம்பு. மஞ்சளில் பட்டால் சிவக்கும் அதே சுண்ணாம்பு.

"என்ட மகனுக்கு இரத்தத்துல வருத்தம் இருக்கெண்டு எனக்குத் தெரியும். உங்கட தண்ணிக்குத்தான் தெரியல்ல," என்றாள்.

ஐயா அன்றே தியானத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார். யதுர்ஷனுக்கு அவன் நோய்க்கேற்ற மருந்தும் நிஸ்றாவுக்கு அவள் நோய்க்கேற்ற மருந்தும் தொடர்கின்றன.

ஏன் இந்த மருந்து என்று டொக்டரிடம் கேட்கப் பயந்த கூட்டம், ஏன் எல்லாருக்கும் ஒரே எண்ணெய் என்று ஐயாவிடமும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதால் புற்றுநோய் வராது. தைரியமாகக் கேளுங்கள்.